வாங்க என்றால் மூடிக்கொள்ளும் காதுகள்

உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து செருப்பைக் கழற்றினால், உங்கள் வாயிலிருந்து முதலில் விழுகிற வார்த்தை எது, சொல்லுங்கள் பார்க்கலாம்?

அதேதான். ஆவாரம்புதூரிலும் அதேதான். ஆனால் அந்த ஊரில் அது வெறும் வார்த்தை இல்லை. ஒரு வீட்டுக்குள் ஒருவர் நுழைந்தால் அடுப்படியில் இருப்பவள் கரண்டியோடு எட்டிப் பார்த்து வாங்க என்று கேட்க வேண்டும், காய்ச்சலில் கட்டிலோடு கிடப்பவர் தலையைத் தூக்கி வாங்க என்று கேட்க வேண்டும், பேச்சு வராத பிள்ளையைக்கூட இடுப்பில் தூக்கி வந்து, "மாமனை வாங்கன்னு கேளு சாமி" என்று அதன் வாயைக் கிளற வேண்டும். ஆமாம், அங்கே வாங்க என்று சொல்வது என்ற பேச்சே இல்லை, கேட்பது என்றுதான் பேச்சு. வீட்டில் ஏழு பேர் இருந்து ஆறு பேர் கேட்டு ஒருவர் கேட்காமல் விட்டால், வந்தவர் காபி டம்ளரைத் தொடாமல் எழுந்து போய், அந்த வீட்டின் அடுத்த மூன்று விசேஷத்துக்கு முகம் காட்டமாட்டார். வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல என்று அங்கே பங்காளிகள் பிரிந்திருக்கிறார்கள், பேசி முடித்த கல்யாணம் நின்றிருக்கிறது.

அப்படிப்பட்ட ஊரில்தான், ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, சந்தையில், மனிதர்களின் காதுகள் மூடிக்கொள்ள ஆரம்பித்தன.

முதலில் மூடியது கணக்கு டீச்சரின் காது என்பார்கள். அவர் தக்காளிக் கூடைக்கு முன்னால் குனிந்திருந்தார். வரிசையாக நின்ற நாற்பது குட்டியானை வண்டிகளின் நாற்பது ஒலிபெருக்கிகளும் ஒரே மூச்சில் "வாங்கம்மா வாங்க, வாங்கய்யா வாங்க" என்று தொடங்கின. டீச்சரின் இரண்டு காது மடல்களும், தொட்டாச்சிணுங்கி இலையைத் தொட்டால் எப்படியோ அப்படி, ஓரத்திலிருந்து உள்ளே சுருண்டு, ஓட்டையை அடைத்துக்கொண்டு, கம்மல் மட்டும் வெளியே தொங்க, சும்மா இருந்துவிட்டன. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். சத்தமே இல்லாமல் சந்தை நடந்துகொண்டிருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது. தக்காளியை நிதானமாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார், ஒரு காபி ஆறுகிற நேரத்தில் காது தானாக விரிந்துகொண்டது. அடுத்த செவ்வாய்க்குள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குக் காது மூடப் பழகிவிட்டது.

ஏன் என்று யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. வரச் சொல்வதற்கும் அதே சொல், விலைக்கு எடுக்கச் சொல்வதற்கும் அதே சொல், பாத்திரத்துக்கும் பாய்க்கும் பல்பொடிக்கும் அதே சொல், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை அதே சொல், காதும் என்னதான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதை நூலால் பின்மண்டையில் கட்டிக்கொண்டார்கள். காதிடுக்கில் பென்சில் செருகும் தச்சர்களுக்கு மட்டும் கொஞ்சம் சிரமம், காது மூடும்போது பென்சில் முறிந்தது. பஸ் கண்டக்டர் "உள்ள வாங்க" என்று கத்துவதை விட்டுவிட்டு ஆளுக்கொரு தட்டு தோளில் தட்டினார். காதுகுத்து வீடுகளில், ஆசாரி ஊசியை எடுத்த பிறகு எவரும் எவரையும் வரவேற்கக்கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் இதில் கெட்டிக்காரர்கள். அம்மா திட்ட ஆரம்பிப்பதற்கு ஒரு நொடி முன்னால் தமக்குத் தாமே வாங்க என்று முணுமுணுத்துக்கொண்டு, காது மூடிய பிறகு, நல்ல பிள்ளையாகத் தலையைத் தலையை ஆட்டினார்கள். சில புருஷன்மார்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

இதில் நொந்துபோனவர்களில் ஒருத்திதான் மைனாவதி.

மைனாவதிக்கு ஒன்றரை வயதில் தன்ஷிகா என்று ஒரு மகள். மகளுக்காக அரைத்த சத்துமாவைத்தான் பாக்கெட் போட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தாள். கம்பையும் ராகியையும் பச்சைப்பயறையும் முளைகட்டி, நிழலில் காயவைத்து, பொட்டுக்கடலையோடு தனித்தனியாக வறுத்து, ஏலக்காய் தட்டிப்போட்டு அரைத்த மாவு. பாக்கெட்டின் மேல் தன்ஷிகா பொக்கை வாயோடு சிரிக்கும் போட்டோ. மாவில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் அதைப் பற்றி ஒருத்தர் காதிலும் போட முடியாததுதான்.

அவளுடைய வீட்டுக்காரன் மோகனசுந்தரம் தறி ஓட்டுகிறவன், கெட்டவன் இல்லை. அவன் ஒரே ஒரு கெடு வைத்திருந்தான். புரட்டாசி முடிவதற்குள் ஒரு சந்தையிலாவது ஒரு முழு மூட்டை மாவு காலியாக வேண்டும். ஆகாவிட்டால் ஐப்பசி முதல் தேதியிலிருந்து காலை ஆறரைக்கு வருகிற பனியன் கம்பெனி வேனில் அவள் ஏறிவிட வேண்டும். தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் அவளுக்கு இடம் சொல்லியாகிவிட்டது. இரவு எட்டரைக்கு வேன் திரும்பும்வரை தன்ஷிகா பக்கத்துத் தெருவில் நாத்தனார் வீட்டில், அவளுடைய மூன்று பிள்ளைகளோடு நாலாவதாக இருக்கும். தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டுப் போய், தூங்குகிற பிள்ளையிடம் திரும்பி வருவது. கல்யாணத்துக்கு முன்னால் மைனாவதி அந்த டேபிளில் ஐந்து வருஷம் நின்றவள், அங்கே நிற்கிற தாய்மார்கள் மத்தியானச் சோற்று வேளையில் போனில் பிள்ளையின் போட்டோவைப் பெரிது பண்ணிப் பெரிது பண்ணிப் பார்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"என்னைக் கேட்டா சத்தம் பத்தல மைனா," என்றான் கனகராசு.

கனகராசு அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். சந்தையில் பேசிய நாற்பது ஒலிபெருக்கியிலும் பேசியது அவன் குரல்தான். பஸ் ஸ்டாண்டு எதிரில் மைக்செட் கடை வைத்திருந்தான், யார் எதை விற்றாலும் அவனிடம்தான் வந்து பதிவு செய்துகொண்டு போனார்கள். அண்ணன் என்பதால் அவளுக்கும் ஒன்று பதிந்து கொடுத்தான். வாங்க என்று ஆரம்பித்தான், காதுகள் மூடின. வருக வருக என்று மாற்றினான், மூன்று நாள் தாங்கியது, நாலாம் நாள் அதற்கும் மூடின. ஒரு சொல்லும் இல்லாமல் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் வைத்தான், சந்தையில் இருந்த பெண்களெல்லாம் அலறிக்கொண்டு திரும்பினார்கள், மறுவாரம் ஏழு வண்டிகளில் ஏழு குழந்தைகள் அழுதன, அதற்கடுத்த வாரம் தொட்டிலில் கிடந்த நிஜப் பிள்ளைகள் அழுதபோது பெற்றவளின் காது மூடியது. மைனாவதி எழுதிப் போட்டும் பார்த்தாள். காதாவது இப்போதுதான் மூடக் கற்றிருந்தது, கண் எப்போதோ திறந்தபடியே பார்க்காமல் இருக்கக் கற்றிருந்தது.

"வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே மூடிக்கறாங்கண்ணா," என்றாள் மைனாவதி. "நான் மூச்சு இழுத்தாலே போதும், ஓரம் சுருண்டுருது. கண்ணு முன்னால ஒரு மனுசி நிக்கறா, கையில என் பாக்கெட்டை வச்சிருக்கா, இடுப்புல சோறு திங்காத புள்ள வச்சிருக்கா, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியல. செவுத்துல முட்டிக்கலாம் போல இருக்குது."

"அதான் சொல்றேன், சத்தம் பத்தல. இன்னொரு குழாய் ஸ்பீக்கர் கட்டலாம்."

ஆவணியில் ஜவுளிக்கடை முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. ஊரில் யாராவது இறந்தால் ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து வீதி வீதியாகச் சொல்லிப் போவது வழக்கம், அதற்கு மட்டும் எந்தக் காதும் மூடுவதில்லை. கனகராசு தொண்டையைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி, துக்கக் குரலில் பதிந்து கொடுத்தான்: "ஆவாரம்புதூர் மேற்கு வீதியில் வசித்து வந்த பழைய விலை, இன்று காலை ஆறு மணியளவில் இயற்கை எய்தியது என்பதை ஆழ்ந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." ஊரே சிரித்தது. ஜவுளிக்கடையில் கூட்டம் நெரிந்தது. பத்து நாளில் செருப்புக்கடை, செல்போன்கடை, கோழிக்கடை எல்லாம் எதையாவது சாகடித்தன.

அந்தப் பதினோராம் நாள், முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட நர்சம்மா நிஜமாகவே இறந்துபோனார். கனகராசின் புஜத்திலும் மைனாவதியின் புஜத்திலும் இருக்கிற தழும்பு அவர் போட்டதுதான். கனகராசே ஆட்டோவில் உட்கார்ந்து எட்டு வீதியிலும் சொல்லிப் போனான். வீதி வீதியாகக் காதுகள் சுருண்டன. தூக்குவதற்கு நாலு பேர், முன்னால் கொள்ளிச்சட்டி பிடிக்க ஒருவர், பின்னால் இரண்டு பேர், அவ்வளவுதான் போனார்கள், மற்றவர்களுக்கெல்லாம் மூன்றாம் நாள்தான் தெரிந்தது. தெரிந்தவர்கள் அவரவர் தழும்பைத் தடவிக்கொண்டார்கள். கனகராசு மட்டும் மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. நாலாம் நாள் திறந்து, சத்தம்தான் பத்தாமல் போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஆட்டோவுக்கு இரண்டாவது குழாய் கட்டினான்.

ஊரில் பெரிய காது கனகராசுக்குத்தான், வேகமாக மூடுகிற காதும் அவனுக்குத்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் வாங்க அவன் காதில் விழுந்திருக்கும், அத்தனையும் அவன் குரலிலேயே.

அதனால்தான் அது நடந்தது. ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மருமகளைப் பார்க்கப் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான். "வாங்கண்ணா," என்றாள் மைனாவதி வாய் நிறைய. "வாங்க மச்சான்," என்று தறிக்கூடத்திலிருந்து ஓடி வந்தான் மோகனசுந்தரம். தன்ஷிகாவும் தன் பங்குக்கு "வாங்ங்" என்றது. கனகராசின் காது மூன்றுக்கும் மூன்று தரம் இறுகி மூடியது. அவன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான், தூக்கிய காலைப் படியில் வைக்கவில்லை, திரும்பி மண்ணிலேயே வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு பைக்கின் மேல் போய் உட்கார்ந்தான்.

"சொன்னீங்கன்னு தெரியுது மைனா," என்றான் காது விரிந்த பிறகு. "வாய் அசைஞ்சுது, பார்த்தேன். ஆனா கேக்கலையே. கேக்காத ஊட்டுக்குள்ள எப்படி வர்றது? கால் எழும்ப மாட்டேங்குது."

"நாங்க கேட்டமுங்கண்ணா."

"நீங்க கேட்டீங்க. எனக்குக் கேக்கல."

அதிலிருந்து வாராவாரம் வந்தான், வாராவாரம் பைக்கிலேயே உட்கார்ந்து, பிள்ளையை வாசலுக்கு வரவழைத்துக் கொஞ்சிவிட்டுப் போனான். அவன் மட்டுமில்லை. புரட்டாசியில் ஊரெங்கும் வீட்டு வாசல்களில் விருந்தாளிகள் வண்டியிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள், வெயில் ஏறினால் மர நிழலுக்குத் தள்ளிப் போனார்கள், பழத்தையும் பூவையும் கேட்டுக்கு மேலாக நீட்டிவிட்டுப் போனார்கள். போகும்போது வழக்கம்போலப் போயிட்டு வாங்க என்றால் அதுவும் போயிட்டு என்கிற வரைதான் கேட்டது. போ என்பது கேட்டு, வா என்பது கேட்காமல் போனால் வயிறு எரியாமல் என்ன செய்யும்.

புரட்டாசிக் கடைசிச் செவ்வாய் வந்தது. வேன் வருவதற்கு முன்னால் மிச்சமிருந்த ஒரே சந்தை அதுதான். மைனாவதி ஒரு மூட்டை மாவை அவிழ்த்து அடுக்கினாள். பக்கத்தில் சின்ன அடுப்பு வைத்துத் தன்ஷிகாவுக்குக் கஞ்சி காய்ச்சினாள், விற்பதற்கு இல்லை, பிள்ளைக்குப் பசிக்குமே என்றுதான். காலை ஏழிலிருந்து பதினொன்றுவரை பதினெட்டுப் பேர் நின்றார்கள், பதினெட்டுப் பேரும் அவள் மூச்சை இழுத்ததும் மூடினார்கள். பத்தொன்பதாவதாக ஒரு அம்மாள் வந்தாள், இடுப்பில் மெலிந்த ஒரு பேரன், பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மைனாவதி நெஞ்சை அடக்கி, மூச்சைக்கூட இழுக்காமல், மெதுவாக, "அம்மா," என்றாள். ஓரம் சுருண்டது.

அப்போது மைனாவதிக்கு ஏதோ அறுந்துபோனது.

"போங்க," என்றாள்.

ஆவாரம்புதூரில் எவரும் எவரையும் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. சண்டைக்காரனைக்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புவார்கள். வெறும் போங்க அந்த ஊர்ச் சந்தையில் அதுவரை விழுந்ததில்லை.

"போங்க. எல்லாரும் போங்க. ஒருத்தரும் இங்க நிக்க வேண்டாம். மூணு மாசமா மொளக்கட்டி வறுத்து அரைச்சுட்டு வந்து உங்க காதையே பார்த்துட்டு உக்காந்திருக்கறேன். என்ற மாவு என்கிட்டயே இருக்கட்டும், நானே என் புள்ளைக்கு ஆக்கி ஊத்திக்கறேன். போங்கம்மா போங்க, போங்கய்யா போங்க."

கேட்டே பழகாத அந்தச் சொல் மூடிய மடலையும் தட்டியதோ என்னவோ, பீர்க்கம்பூ மாலையில் விரிவதுபோல, அந்த அம்மாளின் காது விரிந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவருடையது விரிந்தது. வரிசை வரிசையாக, பாத்திரக்கடையிலிருந்து கருவாட்டுக்கடை வரை, விரிந்த காதுகளோடு தலைகள் திரும்பின.

"ஏம்மிணி, நான் பாட்டுக்கு நிக்கறேன், என்னை எதுக்குப் போகச் சொல்றே?" என்றாள் அந்த அம்மாள்.

"நின்னு என்ன பண்ணப் போறீங்க? நான் சொல்றதைக் கேக்கவா போறீங்க?"

"சொன்னாத்தான கேக்க முடியும்."

"சொல்ல விட்டாத்தான சொல்ல முடியும்."

"அந்தக் குட்டி என்ன குடிக்குது, வழிச்சு வழிச்சு நக்குது?"

"எம்மாவுதானுங்க. உங்களுக்கு வேண்டாம், போங்க."

"வேணுமா வேண்டாமான்னு நானில்ல சொல்லோணும். ஊத்து, இவனுக்கு ஒரு வாய்."

மெலிந்த பேரன் ஒரு வாய் குடித்தான், இரண்டாவது வாய்க்கு டம்ளரைப் பிடுங்கினான். மத்தியானத்துக்குள் மூட்டை காலி. வராதவர்களை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள், காலியான மூட்டையை உதறிப் பார்த்துவிட்டு நாலு பேர் அவளோடு சண்டைக்கு நின்றார்கள். ஒலிபெருக்கி வண்டிக்குள்ளிருந்து குதித்து இறங்கி, சந்தையைப் பிளந்துகொண்டு ஓடி வந்த கனகராசு, தங்கச்சியை அன்றைக்குத்தான் பிறந்தவளைப்போலப் பார்த்தான்.

"நாளைக்குக் காலைல ஊட்டுக்கு வர்றேன்," என்றான். "தொண்டையைப் பத்திரமா வச்சுக்க. சுடுதண்ணி குடி."

மோகனசுந்தரம் காலி மூட்டையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். ஆனாலும் தறி ஓட்டுகிறவன், ஒரு இழையை நம்பமாட்டான். "ஒரு சந்தைன்னு நான்தான் சொன்னேன், இல்லைங்கல. ஆனா இது ஆத்திரத்துல வித்தது மைனா. ஐப்பசி மொதத் தேதி போகாட்டி வேன்காரன் ஒரு வாரம் பொறுப்பான். அடுத்த செவ்வாயும் இதே மாதிரி காலியாச்சுன்னா, வேண்டாம்னு சொல்லிரலாம்."

அன்று பொழுது சாய்வதற்குள் இன்னொன்று நடந்தது, அதை மைனாவதி கோலப்பொடி டப்பாவோடு நின்று கண்ணால் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரியின் சம்பந்தி வழக்கம்போல வந்து வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரி சந்தையில் நடந்ததைக் கேட்டிருப்பாள்போல, வாங்க என்பதை விழுங்கிவிட்டு, துணிந்து, அதற்கு அடுத்து எப்போதும் சொல்வதை முதலிலேயே சொன்னாள்: "சாப்பிட்டுப் போங்க." இத்தனை நாளும் எல்லா வீட்டிலும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் வாங்க என்று தொடங்கிவிட்டுச் சொன்னார்கள், அதற்குள் காது மூடியிருந்தது. வந்தவரைப் பார்த்துப் போ என்று வாயெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. சம்பந்தியின் காது அப்படியே விரிந்தபடி இருந்தது. அவர் வண்டியைவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் தெரு முழுக்க அதே பேச்சு. சாப்பிட்டுப் போங்க. இருந்துட்டுப் போங்க. ஒரு வாய் தண்ணியாவது குடிச்சுட்டுப் போங்க. ஒரு மாதமாக வெயிலில் நின்ற உறவெல்லாம் ஒவ்வொன்றாகப் படியேறியது.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கனகராசு வந்தான். பைக்கை நிறுத்தி, கையடக்க ரெக்கார்டரை எடுத்து, பஞ்சு மூடிய மைக்கை அவள் பக்கம் நீட்டி, படிக்கு வெளியே நின்றான். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நேத்து சொன்னியே, அதே ஆத்திரத்தோட ஒரே ஒரு தடவை. அடித்தொண்டையில இருந்து வரோணும். போங்கய்யா போங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். எக்கோ போட்டா எட்டு ஊருக்குக் கேக்கும்."

"எத்தனை நாளைக்குண்ணா தாங்கும்?"

"தீபாவளி வரைக்கும் கண்டிப்பாத் தாங்கும்."

"அப்பறம்?"

"அப்பறம் வேற வார்த்தை. தமிழ்ல வார்த்தைக்கா பஞ்சம்?"

மைனாவதி எதிர்வீட்டைப் பார்த்தாள். சம்பந்தியின் செருப்பு ராத்தங்கி இன்னும் வாசலில் கிடந்தது.

"வேண்டாமுங்கண்ணா."

"நீ சொல்லாட்டி ஜவுளிக்கடைக்காரரு அவரு மகளை வச்சுச் சொல்லிருவாரு. நாளைக்கே சொல்லுவாரு. வார்த்தை எப்படியும் போகத்தான் போகுது, அது உனக்கு ஆகிட்டுப் போகட்டும்னுதான் ஓடி வந்தேன். இல்லீன்னா வேன்தான், யோசிச்சுக்க."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவளுக்கு உலகத்தின் மேலேயே எரிச்சலாக வந்தது, நாற்பது வண்டியின் மேலும், அத்தனை சுருண்ட காதுகளின் மேலும், வெயிலில் சிவந்துபோய் நிற்கிற இந்தப் பெரிய காதுக்காரன் மேலும். தன்ஷிகா கஞ்சிக் கிண்ணத்தோடு தத்தித் தத்தி வந்து மாமனின் பைக்கைப் பார்த்துக் கையை ஆட்டியது. மைனாவதிக்கு அடுத்த செவ்வாய் தெரிந்தது, வேன் தெரிந்தது, செக்கிங் டேபிளின் டியூப்லைட்டு தெரிந்தது. வாய் பழக்கத்தில் வாங்க என்று ஆரம்பிக்கப் போனது, அதை உதட்டிலேயே பிடித்து நிறுத்தினாள். கனகராசு மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினான். அவன் காது இரண்டும் விரிந்து, ஆத்திரமான ஒரு குரலுக்காகக் காத்திருந்தன.

"அண்ணா," என்றாள் மைனாவதி, மைக்கைக் கையால் பொத்தி, சத்தமில்லாமல், "அதை அணைச்சு வண்டிப் பெட்டியில வச்சுட்டு, ஒரு வாய் கஞ்சி குடிச்சுட்டுப் போங்க."